மேற்படி

தாள் பார்க்க வந்தவருக்கு நிலையத்தில் யாரும் நாற்காலி எடுத்துப் போடவில்லை. சுவரோரம் சாய்ந்திருந்த மடக்கு நாற்காலியை அவரே விரித்துக்கொண்டார். அதன் ஒரு கால் குட்டை என்பது உட்கார்ந்த பிறகே அவருக்குத் தெரிந்தது. கையிலிருந்த கோப்பின் அட்டையைக் கிழித்து, நான்காக மடித்து, காலுக்கடியில் செருகினார். கோப்பின் அட்டையைத் தயங்காமல் கிழிக்கிற அதிகாரியை அந்த ஆம்புலன்ஸ் நிலையம் அதுவரை கண்டதில்லை. இந்த மனிதர் எதற்கும் துணிந்தவர் என்று அப்போதே அங்கே முடிவாகிவிட்டது.

நிலையம் என்றால் இரண்டு வண்டிகள் நிற்கும் தகரக் கொட்டகையும் அதை ஒட்டிய ஓர் அறையும்தான். காலைப் பணிக்கு வருகிறவர்கள் முதலில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து உள்ளே கழுவுவார்கள். பிளீச்சிங் தண்ணீரின் நெடி அறைவரை வந்து தேநீரிலும் கலந்துவிடும். பிறகு ஆக்சிஜன் உருளையின் முள்ளைப் பார்ப்பார்கள். சளி உறிஞ்சும் கருவியை ஓட்டிப் பார்ப்பார்கள். கட்டுத் துணி, கழுத்துப் பட்டை, கையுறை எல்லாவற்றையும் இடம் பார்த்து அடுக்குவார்கள். இந்த வேலைகளில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தார்கள், கையால் தொட்டார்கள். தாள் எழுதுவதுதான் வேறு கதை.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள் உண்டு. அதில் மூன்று பத்திகள்: சம்பவ இடம், வழி, ஒப்படைப்பு. இடப்பக்கத்தில் நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, கைகால் அசைவு, தொடு உணர்வு என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். நோயாளியைக் கண்ட இடத்தில் ஒருமுறை, ஓடும் வண்டியில் ஒருமுறை, மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது ஒருமுறை என மூன்று முறை பார்த்து மூன்று பத்திகளையும் நிரப்ப வேண்டும்.

"என்ன சார் அவ்வளவு உத்துப் பாக்குறீங்க? எழுத்து புரியலியா?" என்று டிரைவர் கேட்டார். இருபது வருடமாக அங்கே வண்டி ஓட்டுகிறவர்.

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் வந்தவர், தலையை நிமிர்த்தாமல். அவருடைய மூக்குக்கண்ணாடி தடிமனானது. மதியத்துக்குள் அவருக்குப் பூதக்கண்ணாடி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

"தலைமை ஆபீஸ்ல என்னமோ பதிவுகளை மேம்படுத்தணும்னு கடுதாசி அனுப்பியிருக்காங்களாமே?"

"ஆமா."

டிரைவர் அறைக்கு வெளியே வந்து, ஸ்ட்ரெச்சரின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த பெண்ணின் பக்கத்தில் குந்தினார்.

"கேட்டியா முத்து? எதையோ மேல ஏத்தப் போறாங்கன்னா யாரையோ கீழ எறக்கப் போறாங்கன்னு அர்த்தம்."

முத்து என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. முத்து முத்தாக எழுதுவாள் என்பதால் நிலையம் வைத்தது. குலுங்குகிற வண்டியிலும் கோணாமல் எழுதுகிற கை அவளுடையது. அவளுடைய தாளை மட்டும் மருத்துவமனையில் யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. அழகான எழுத்துக்கு அப்படி ஓர் அதிகாரம் இருந்தது.

அவள் எண்ணெய்க் குப்பியை மூடாமலே அறைக்குள் பார்த்தாள். பூதக்கண்ணாடியின் மடியில் ஆறு மாதத் தாள்கள் கட்டாக இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, ஒரு நோட்டில் பென்சிலால் சிறு கோடு இழுத்தார். எதை எண்ணுகிறார் என்பது தெரியவில்லை. பதினோரு நாளைக்கு முந்தைய தாளுக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தாள் அவளுடைய நாத்தனார் கணவனுடையது.

பதினோரு நாளைக்கு முன் உச்சி வெயிலில் அழைப்பு வந்தது. கட்டிக்கொண்டிருக்கும் கிடங்கு ஒன்றில் சாரத்திலிருந்து ஆள் விழுந்துவிட்டான் என்றார்கள். போய் இறங்கிய பிறகுதான் மண்ணில் மல்லாந்து கிடப்பது தன் குடும்பத்து வெல்டர் என்று அவள் கண்டாள். முகத்தில் தீப்பொறிக் கண்ணாடி அப்படியே இருந்தது. அதைக் கழற்றியதும், "தங்கச்சி, நீயா வந்த?" என்று அவர் அழுதார். இந்தத் தொழிலில் கற்ற அத்தனையையும் அவள் அப்போது சரியாகச் செய்தாள். கழுத்துப் பட்டை போட்டாள். பூட்ஸைக் கழற்றி இரண்டு பாதங்களையும் கீறிப் பார்த்தாள். விரல்களை ஆட்டச் சொன்னாள். ஆடின. பலகையில் வைத்துக் கட்டி வண்டியில் ஏற்றினாள். முதல் பத்தியில் எழுதினாள்: இரு கால்களும் அசைகின்றன, தொடு உணர்வு உண்டு.

நகரத்துச் சாலைகள் குழாய் பதிக்கத் தோண்டிக் கிடந்தன. மருத்துவமனைக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. வாசலில் இறங்கும்போது அவசரப் பிரிவுச் செவிலி, "தாளைக் குடுங்க, தாளைக் குடுங்க" என்று கை நீட்டிக்கொண்டே நின்றாள். முத்து தாளை வண்டியின் கதவில் வைத்து மீதி இரண்டு பத்திகளையும் நிரப்பினாள். கைகால் அசைவுக்கு நேரே இரண்டு முறையும் எழுதியது ஒரே சொல்: மேற்படி.

அந்தத் தாளை வைத்து வெல்டரை வரிசையில் போட்டார்கள். அவருக்கு முன் ரத்தம் ஒழுகுகிறவர்கள் இருந்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து ஒரு பயிற்சி மருத்துவர் வந்து போர்வையை விலக்கியபோது வலது கால் அசையவில்லை. பாதத்தில் உணர்வும் இல்லை. உடனே ஸ்கேன், உடனே அறுவை. எல்லாம் நடந்தும் கால் இன்றுவரை திரும்பவில்லை.

வீட்டில் அந்தத் தாள் சுவாமி படம் மாதிரி இருந்தது.

மருத்துவமனைக்கு அருகில் என்பதால் நாத்தனார் முத்துவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவள். அதிகாலைப் பணி முடித்து, உடம்பெல்லாம் மாவு வாசனையோடு வந்து, குளித்து, கணவனுக்குக் கஞ்சி வைத்துப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ஓடுவாள். தாளின் நகல் ஒன்றை வாங்கி அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளான அவளுக்கு இப்போது அது முழுக்க மனப்பாடம்.

"வியாழக்கிழமை விசாரணை வச்சிருக்காங்க அண்ணி" என்றாள், அன்று மாலை முட்டையை உரித்துக்கொண்டே. "ஆஸ்பத்திரி பெரிய டாக்டரு, உங்க ஆபீஸ்ல ஒருத்தர், எல்லாரும் வர்றாங்களாம். நான் என்ன பேசணும்னு யோசிச்சு வச்சிட்டேன்."

"என்ன பேசப் போற?" என்று கேட்டான் முத்துவின் கணவன். லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் போகாத விரல்களால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அண்ணி எழுதினதைத்தான் பேசப் போறேன், அண்ணே. எறங்கும்போது கால் ரெண்டும் நல்லா இருந்திச்சுன்னு அண்ணி எழுதியிருக்காங்கல்ல? அப்ப உள்ள கொண்டுபோய்ப் போட்டு வச்ச மூணு மணி நேரத்துலதான் போயிருக்கு. அவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? வண்டியிலேயே போயிருக்கும், தாள் தப்புங்கறாங்க. என் அண்ணி தாளைத் தப்புன்னு சொல்ல அவங்க யாரு?"

முத்து தண்ணீர்ச் செம்பைத் தேடுவதுபோல் எழுந்தாள். செம்பு அவள் முன்னாலேயே இருந்தது.

"உக்காருங்க அண்ணி, செம்பு இங்கதானே இருக்கு. என்ன நீங்க, எனக்கு மேல பயப்படுறீங்க? அந்த நர்சு இருக்காளே, ஒருநாள் அவ மூஞ்சிக்கு நேரா இந்தத் தாளைக் காட்டினேன். அப்படியே வெளுத்துப் போயிட்டா."

கணவன் முட்டையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை மனைவியின் தட்டில் வைத்தான். வைக்கும்போது அவள் முகத்தை ஒருகணம் அளந்தான். லிஃப்ட் கயிற்றைப் பார்க்கிற பார்வை அது. எங்கே நூல் விட்டிருக்கிறது என்று தேடுகிறவனின் பார்வை.

நாத்தனார் கை கழுவப் போன இடைவெளியில் தாழ்ந்த குரலில் கேட்டான்: "மேற்படின்னா என்னடி?"

"என்ன கேள்வி இது? முன்ன எழுதின மாதிரியேன்னு அர்த்தம்."

"அர்த்தம் எனக்கும் தெரியும். லிஃப்டு கார்டுல மாசா மாசம் நானும் டிக் அடிக்கிறவன்தான். எல்லா டிக்கும் ஒண்ணு கெடையாது. அதான் கேட்டேன்."

"உன் டிக்கும் என் எழுத்தும் ஒண்ணா?"

"இல்லதான்" என்றான். அந்த 'இல்லதான்' இரவெல்லாம் அவளை உறுத்தியது.

உண்மையில் அவளுக்கே தெரியவில்லை. அவளைத் தின்றது அதுதான். பாதத்தைத் தொட்ட ஞாபகம் விரலில் இருந்தது. குளிர்ந்த பாதம், பெருவிரல் நகத்தில் கறுத்த ரத்தக்கட்டு. ஆனால் அந்த ஞாபகத்தின் பின்னணியில் மண் இருந்ததா, வண்டியின் தகரச் சுவர் இருந்ததா என்று பிடிபடவில்லை. வேண்டும் என்று நினைத்தால் தகரச் சுவர் வந்தது. பயந்தால் மண் வந்தது. தன் ஞாபகமே யாரோ சொல்லிக்கொடுத்த சாட்சி மாதிரி அவளுக்குப் பட்டது.

மறுநாள் வண்டியைக் கழுவும்போது டிரைவர் தானாகவே பேச்சை எடுத்தார்.

"வியாழக்கிழமை என்னையும் கூப்பிடுவாங்க போல. நான் சொல்லிடுறேன், நீ கவலப்படாத. நீ காலைத் தொட்டுப் பாத்த. நான் கண்ணாடியில பாத்தேன்."

"எந்தக் கண்ணாடியில?"

"உள்ள இருக்குற கண்ணாடிதான். தலைக்கு மேல."

முத்து ஓட்டுநர் இருக்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இருக்கைக்கும் பின்பகுதிக்கும் நடுவிலுள்ள சன்னல், விரிசல் விட்டதால் நான்கு மாதமாக அட்டை வைத்து ஒட்டியிருந்தது. ஒட்டியவரே அவர்தான்.

"அட்டை வழியாவா தெரிஞ்சிச்சு, அண்ணே?"

டிரைவர் தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடித்தார். தண்ணீர் விசிறியடித்து இருவரையும் நனைத்தது.

"பொழைக்கத் தெரியாத பொண்ணா இருக்கியே. நீ பாக்கலைன்னு ஒத்துக்கிட்டா அது உன்னோட நிக்குமா? இங்க யாரு ரெண்டாவது பத்தியைப் பாத்து எழுதியிருக்கா? நைட் டூட்டிக்காரன் எழுதினானா? அடுத்த வண்டிக்காரங்க எழுதினாங்களா? எல்லாருக்கும் புள்ள குட்டி இருக்கு. பூதக்கண்ணாடி அதுக்குத்தான் வந்து உக்காந்திருக்கு. ஒரு நூலு கெடச்சா போதும், மொத்தத் துணியையும் உருவிடும்."

"நான் பாக்கலைன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீயும் சொல்லாத."

அவர் அன்பால் சொல்கிறாரா, தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்கிறாரா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டுக்கும் குரல் ஒன்றாகவே இருந்தது. அன்று பகல் முழுக்க அவர் வழக்கத்துக்கு மேல் நகைச்சுவையாகப் பேசினார். அதுவும் அவளுக்குச் சந்தேகமாயிற்று.

புதன்கிழமை மதியம் வெயில் மங்கி, காற்று புழுதியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தது. பூதக்கண்ணாடி தாள்கள் பறக்காமலிருக்க ஆக்சிஜன் உருளையின் திருகுச் சாவியை மேலே வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா."

"பரவாயில்ல சார், நிக்கிறேன்."

"நாற்காலி ஆடாது. அட்டை வச்சிருக்கேன்."

உட்கார்ந்தாள். அவர் ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவளுடைய எழுத்துதான், ஆனால் வெல்டர் தாள் அல்ல. நெஞ்சு வலியோடு வந்த ஒரு முதியவருடையது.

"எழுத்து ரொம்ப அழகு. ஒரே ஒரு சந்தேகம். மேற்படின்னா மேலே உள்ளதுன்னு அர்த்தம். நீங்க இடது பக்கத்துப் பத்தியைக் குறிச்சு எழுதுறீங்க. கறாராப் படிச்சா, கால் அசைவுக்கு மேல் வரி என்ன? 'நினைவு: தெளிவு.' அப்ப இவருடைய கால் தெளிவான நினைவோட இருக்குன்னு ஆகுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சிக்கிக்கொள்வோம் என்று அடக்கிக்கொண்டாள்.

"எல்லாரும் அப்படித்தான் சார் எழுதுறோம்."

"தெரியும். எண்ணிட்டேன். இந்தக் கட்டுல அறுநூத்திப் பதினாலு தாள். அதுல ஐநூத்தி எண்பத்தொன்பது தாள்ல ரெண்டாவது பத்தி முழுக்க மேற்படி. மேடு பள்ளம் ஏறி இறங்கி நாப்பது நிமிஷம் வந்தும் ஒருத்தருக்குக்கூட நாடி ரெண்டு துடிப்பு கூடல, குறையல. உலகத்துலயே இவ்வளவு நிதானமான நோயாளிங்க வேற எங்கயும் இருக்கமாட்டாங்க."

"அப்ப எல்லார் மேலயும் எழுதப் போறீங்களா?"

"அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க." இன்னொரு தாளை எடுத்தார். மருத்துவமனை முத்திரை போட்டது. வெல்டரை உள்ளே வாங்கிக்கொண்ட செவிலி எழுதிய வரவுத் தாள். கைகால் அசைவு என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தாள்: ஆம்புலன்ஸ் தாளில் உள்ளபடி.

முத்து அந்த வரியை இரண்டு முறை படித்தாள். வெளியே தகரம் காற்றில் அடித்துக்கொண்டது.

"உங்க தாள்ல முதல் பத்தியைப் பாருன்னு இருக்கு. அவங்க தாள்ல உங்க தாளைப் பாருன்னு இருக்கு. இடையில காலை யாரு பாத்தாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு?"

"புதுத் தாள் அச்சடிக்கப் போறாங்க. அதுல என்ன மாத்தினா உண்மையா எழுதுவீங்க? அதைக் கேட்கத்தான் நான் வந்தேன். நீங்க சொல்லுங்க."

இந்தக் கேள்விக்காக அவள் தயாராக வரவில்லை. மிரட்டுவார் என்று நினைத்திருந்தாள். மிரட்டாதவரை எப்படி எதிர்கொள்வது? இனிமையாகக் கேட்டு வாயைப் பிடுங்குகிற வித்தையும் தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும். மேசைமேல் பென்சில் நுனி சீவப்பட்டுத் தயாராக இருந்ததைக் கவனித்தாள்.

"நீங்க நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியல சார்" என்றாள்.

"அதுக்கும் தாள்ல இடம் இல்ல" என்றார் அவர். முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இல்லாமல் அவருடைய கண்கள் மிகச் சிறியவையாகவும் களைத்தவையாகவும் தெரிந்தன. அதையும் அவள் முழுதாக நம்பிவிடவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

மாலையில் வார்டுக்குப் போனபோது நாத்தனார் தன் கணவனுக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தாள். சோப்பு நுரைக்கு நடுவிலிருந்து வெல்டர் கத்தினார்.

"வா தங்கச்சி! உன்னைப் பத்தித்தான் பேச்சு. நாளைக்கு என்னை இந்தக் கட்டிலோட தள்ளிக்கிட்டுப் போவாங்களாம். கல்யாண ஊர்வலம் மாதிரி."

"வாயை மூடுங்க, கத்தி பட்டுரும்" என்றாள் நாத்தனார். பிறகு முத்துவிடம் மலர்ந்த முகத்தோடு சொன்னாள்: "அண்ணி, இவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. வண்டியில நீங்க காலைக் கீறி, 'தெரியுதா அண்ணே'ன்னு கேட்டீங்களாம். தெரியுதுன்னு இவரு சொன்னாராம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

முத்துவின் நெஞ்சுக்குள் பதினான்கு நாளாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. அப்படியானால் தகரச் சுவர்தான். அப்படியானால் பார்த்திருக்கிறேன். நாத்தனார் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றப் போகும்வரை காத்திருந்து கட்டிலருகே குனிந்தாள்.

"அண்ணே, உண்மையாவா? எந்த இடத்துல கேட்டேன்? ரோடு தோண்டியிருந்த எடத்துலயா, அதுக்கு அப்புறமா?"

வெல்டர் ஒரு பக்கக் கன்னத்தில் நுரையோடு அவளைப் பார்த்தார். சுற்றுமுற்றும் நோக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்த இடம்னு நீயே சொல்லிடு தங்கச்சி. நான் அதையே சொல்லிடுறேன்."

அவள் நிமிர்ந்தாள். தளர்ந்தது மறுபடி இறுகியது, முன்னைவிட அதிகமாக.

"நம்ம வீட்டுப் பொண்ணு நீ. எனக்கு ஒரு கால் போச்சு. உனக்கு வேலையும் போகணுமா?" என்றார் அவர் மெதுவாக. நாத்தனார் கிண்ணத்தோடு வருவதைக் கண்டதும் குரலை உயர்த்தி, "மீசையை விட்டுரு, அதைத் தொடாதே!" என்று சிரித்தார்.

விசாரணை மருத்துவமனையின் மாடியில் நடந்தது. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், அணைத்தாலும் சத்தம் போடுகிற குளிர்சாதனம். பெரிய டாக்டர் ஒரு பக்கம், பூதக்கண்ணாடி ஒரு பக்கம். அவசரப் பிரிவுச் செவிலி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மிகச் சின்னப் பெண். கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கியிருந்தாள். பின்வரிசையில் டிரைவரும் கணவனும் நாத்தனாரும் இருந்தார்கள். நாத்தனாரின் மடியில் உறை போட்ட நகல்.

"ஒப்படைக்கும்போது வலது கால் அசைஞ்சதா?" என்று கேட்டார் பெரிய டாக்டர். "உங்க தாள் மேற்படின்னு சொல்லுது."

முத்து செவிலியைப் பார்த்தாள். தான் 'ஆமாம்' என்றால் அந்தக் கைக்குட்டைதான் அறுந்து போகும். 'இல்லை' என்றால் அதுவும் பொய். எது நடந்தது என்று தெரியாதவளுக்கு இரண்டு பதிலுமே இரவல்.

"எனக்குத் தெரியாது சார்."

"என்ன தெரியாது?"

"சம்பவ இடத்துல பாத்தேன். அசைஞ்சிச்சு. அது சத்தியம். அதுக்கப்புறம் பாத்தேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. மேற்படின்னா முன்ன மாதிரியே இருக்குன்னு நீங்க படிக்கிறீங்க. எங்க நிலையத்துல அதுக்கு, பாக்க நேரம் இல்லேன்னும் அர்த்தம் உண்டு. எது எந்த அர்த்தம்னு எழுதினவங்களுக்கே அப்புறம் தெரியாது."

பின்வரிசையில் டிரைவரின் நாற்காலி கிறீச்சிட்டது. பூதக்கண்ணாடி பென்சிலை எடுக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து நீங்க ஒண்ணு கேட்டீங்க சார்" என்று அவர் பக்கம் திரும்பினாள். "புதுத் தாள்ல 'பார்க்கவில்லை'ன்னு ஒரு கட்டம் போடுங்க. அதுல டிக் அடிச்சவங்களைக் கூப்பிட்டுத் திட்டக்கூடாது. திட்டினீங்கன்னா மறுநாளே எல்லாரும் மேற்படிக்கு வேற வார்த்தை கண்டுபிடிச்சிடுவோம்."

அதற்குமேல் என்ன பேசினார்கள் என்பது அவள் காதில் ஏறவில்லை. உத்தரவு வரும்வரை பணிக்கு வரவேண்டாம் என்றார்கள். செவிலியின் மீதான முடிவையும் தள்ளிவைத்தார்கள். படியிறங்கும்போது டிரைவர் அவளைத் தாண்டிக்கொண்டு போனார். ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. கணவன் மட்டும் பக்கத்தில் வந்து, "குடையை அங்கயே விட்டுட்ட" என்று நீட்டினான். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் ஆசுவாசம் இருந்தது போலவும் பட்டது.

நாத்தனார் வார்டுக்குப் போகும் நடைபாதையில் நின்றாள். மழை சாய்வாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அவள் நனைவதைப் பொருட்படுத்தவில்லை.

"அன்னிக்கு வண்டியில என்கூட ஃபோன்ல பேசிக்கிட்டே வந்தீங்களே அண்ணி."

"ஆமா."

"பத்தொன்பது நிமிஷம். என் ஃபோன்ல இப்பவும் இருக்கு. 'கால் ரெண்டும் நல்லா அசையுது, அழாதே'ன்னு சொன்னீங்க. பாத்துட்டுச் சொன்னீங்களா, என் அழுகையை நிறுத்தச் சொன்னீங்களா?"

"உன் அழுகையை நிறுத்த" என்றாள் முத்து. இதற்கு மட்டும் ஞாபகம் தெளிவாக இருந்தது.

"நான் ஃபோன் பண்ணாம இருந்திருந்தா பாத்திருப்பீங்க."

"உன்னால இல்ல. அப்படி நினைக்காதே."

"பாக்கலைன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே அண்ணி!" நாத்தனாரின் குரல் உடைந்தது. "உங்க எழுத்தழகை யாரு கேட்டா? பாக்கலைன்னு இருந்தா அந்தச் சின்னப் பொண்ணாவது போர்வையைத் தூக்கிப் பாத்திருக்கும். நீங்க எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதி, அவரை மூணு மணி நேரம் மூடி வச்சிட்டீங்க."

முத்து தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாளும் அவள் பயந்துகொண்டிருந்தது பார்க்காமல் விட்டதற்காக. பார்த்ததுபோல் எழுதியதுதான் அதைவிடப் பெரிய பிழை என்பதை ரொட்டிப் பொட்டலம் கட்டுகிறவள் சொல்லக் கேட்க வேண்டியிருந்தது.

நாத்தனார் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அண்ணியின் மணிக்கட்டைப் பற்றினாள். ரொட்டி அடுப்பின் சூடு பழகிய கை அது. பற்றிய இடம் வலித்தது.

"வாங்க."

"எங்க?"

"இப்ப வந்து பாருங்க. டாக்டருங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நரம்பு திரும்புதுங்கறாரு ஒருத்தர், இல்லேங்கறாரு ஒருத்தர். எனக்கு யாரையும் நம்பத் தோணல. நீங்க பாருங்க. பாத்ததை அப்படியே சொல்லுங்க. நல்லதாச் சொல்ல வேணாம்."

வார்டில் வெல்டர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். விசாரணைச் செய்தி அவருக்கு முன்னமே வந்து சேர்ந்திருக்க வேண்டும். மனைவியின் ஈரமான முகத்தையே பார்த்தார். முத்து போர்வையை முழங்கால்வரை மடித்தாள். வலது பாதம் அசைவின்றிக் கிடந்தது. பெருவிரல் நகத்தில் இருந்த கறுப்பு நூலளவு நகர்ந்திருந்தது.

"கண்ணை மூடிக்குங்க அண்ணே. பாதத்துல கீறுவேன். தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க."

"சரி தங்கச்சி." அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

நாத்தனார் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நின்றாள். பக்கத்துக் கட்டில்காரரும் தலையைத் தூக்கிப் பார்த்தார். முத்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியின் முனையைப் பாதத்துக்கு நேரே கொண்டுவந்தாள். முதலில் எங்கே கீறுவது என்று பார்த்து ஒருகணம் நிறுத்தினாள்.

"தெரியுது" என்றார் வெல்டர், உரக்க, மனைவிக்குக் கேட்கும்படி. "நல்லாத் தெரியுது."

முத்து தன் கையைப் பார்த்தாள். பேனா மூடிக்கும் பாதத்துக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. நாத்தனாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே" என்றாள் முத்து, "நான் இன்னும் தொடவே இல்ல."